திசை திரும்பி நிற்கும் வாகனங்கள்

கந்த சஷ்டி ஆறாம் நாள் மாலை தமிழ்நாட்டு முருகன் கோயில்களில் சூரன் தலை உருளும். திருச்செந்தூர்க் கடற்கரையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். யானைமுகம், சிங்கமுகம், கடைசியாகச் சூரன் முகம் என்று மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு வருகிற பொம்மையை வேல் ஒவ்வொன்றாகச் சாய்க்கும். அதே மாலையில் திருத்தணி மலையில் சண்டையே கிடையாது. அங்கே முருகனுக்குப் புஷ்பாஞ்சலி. கூடை கூடையாகப் பூ வந்து குவியும். போரை முடித்துச் சினம் தணிந்து வந்து அமர்ந்த இடம் திருத்தணி என்கிறது தலபுராணம். அதனால் அந்தப் போரை இங்கே மறுபடி நடத்திக் காட்டுவதில்லை.

சடங்கில் ஊருக்கு ஊர் இருக்கும் வித்தியாசம்தானே என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் மேற்கே திருத்தணியில் தொடங்கிக் கிழக்கே கும்மிடிப்பூண்டி வரை திருவள்ளூர் மாவட்டத்துக் கோயில்களைப் பார்த்துக்கொண்டே வந்தால், அசுரனையும் பேயையும் வாகனத்தையும் பற்றி இந்தப் பகுதிக்குச் சொந்தமாக ஓர் எண்ணம் இருந்திருக்கிறது என்று தோன்றும். தோற்றவனை என்ன செய்வது என்ற கேள்வியை இந்த மண் பல நூற்றாண்டுகளாகக் கல்லிலும் கதையிலும் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறது. உருக்காலைகளும் அனல்மின் நிலையங்களும் எழுந்து நிற்கிற இன்றைக்கும் அந்தக் கேள்வி பழசாகிவிடவில்லை.

சூரபன்மன் கதையிலிருந்தே தொடங்கலாம். காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் இருந்து கச்சியப்ப சிவாசாரியார் பாடிய கந்தபுராணம் 10,345 பாடல்கள் கொண்டது. அதன் நெடும்போர் முடிகிற இடம் விசித்திரமானது. சூரன் கடல் நடுவே மாமரமாக நிற்கிறான். வேல் அதைப் பிளக்கிறது. இரண்டு கூறும் மயிலும் சேவலுமாகி மறுபடி முருகனை நோக்கிச் சீறி வருகின்றன. வேல் இரண்டாம் முறை பாயவில்லை. முருகன் பார்க்கிறான், அவ்வளவுதான். சேவல் கொடியில் ஏறுகிறது, மயில் முதுகு கொடுக்கிறது. இதில் பலர் கவனிக்காமல் விடுகிற ஒரு செய்தி உண்டு. போர் நடக்கும்போது முருகனுக்கு மயிலாக நின்று சுமந்தவன் இந்திரன். தேவர்களின் அரசன் முதுகு கொடுத்த இடத்தில்தான் பிறகு அசுரன் வந்து நிற்கிறான். யாருக்காகப் படையெடுப்பு நடந்ததோ அவன் வாகனப் பதவியிலிருந்து இறங்குகிறான், யார்மீது படையெடுப்பு நடந்ததோ அவன் நிரந்தரமாக அமர்கிறான். புராணம் பாடியவர் இதைத் தெரியாமல் செய்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

வடமொழி மரபில் கந்தனின் பகைவர்கள் வேறு. மகாபாரத வனபர்வத்தில் அவன் மகிஷனைக் கொல்கிறான். வேறு நூல்களில் தாரகனைக் கொல்கிறான். அங்கே கொன்றதோடு கணக்கு முடிந்துவிடும். பகைவனையே ஏறிவரும் வாகனமாக்கிக்கொள்ளும் முடிவு தமிழில்தான் ஊறித் திளைத்திருக்கிறது. காரணம் சங்க காலம் வரை போகிறது. சங்கப் பாடல்களில் ‘சூர்’ என்பது மலையிலும் சுனையிலும் குடியிருக்கும் அச்சம்; இன்ன உருவம் என்று சொல்ல முடியாதது. அந்தச் சூரைத் தடிந்தவன் முருகன். ஆனால் அதே முருகன் மலையில் திரியும் பெண்ணைப் பிடிப்பவனும்கூட. மகள் மெலிந்து போனால் முருகு அணங்கியது என்று தாய் வேலனை அழைத்து வெறியாட்டு எடுப்பாள். பிடிப்பதும் அவன், விடுவிப்பதும் அவன். தெய்வத்துக்கும் அச்சத்துக்கும் நடுவே மதில் எழுப்பாத காலம் அது. பின்னால் புராணம் வந்து தேவர், அசுரர் என்று கட்சி பிரித்தபோதும் பழைய உறவு அறுந்து போகவில்லை. மயிலாகவும் சேவலாகவும் மேலே வந்துவிட்டது.

மயிலுக்கு முன்னால் யானை இருந்தது. திருமுருகாற்றுப்படையில் முருகன் யானைமேல் வருகிறான். பரிபாடல் அந்த யானையைப் பிணிமுகம் என்று பெயர் சொல்லியே குறிக்கிறது. பல தலங்கள் மறந்துவிட்ட இந்தப் பழைய யானையைத் திருத்தணி இன்னும் வைத்திருக்கிறது. இங்கே சந்நிதிக்கு எதிரே நிற்கும் வாகனம் யானைதான். தெய்வானையை மணமுடித்துக் கொடுத்தபோது இந்திரன் சீராகத் தந்த ஐராவதம் என்று கதை. கோயிலுக்குள் நுழைகிறவர்களை ஒரு கணம் நிற்க வைப்பது அது நிற்கும் நிலை. வழக்கமாகக் கோயிலில் வாகனம் மூலவரைப் பார்த்துத்தான் இருக்கும். நந்தியின் கொம்புகளுக்கு நடுவே குனிந்து லிங்கத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறு விதமாக எண்ணவே வராது. திருத்தணி யானையோ சாமிக்குப் பின்புறம் காட்டி வெளியே பார்த்து நிற்கிறது. ஐராவதத்தைக் கொடுத்த பிறகு இந்திரலோகத்தின் செல்வம் குன்றியதாம். முருகன் யானையைத் திருப்பித் தருகிறேன் என்றானாம். கொடுத்ததை வாங்க மாட்டேன், அதன் பார்வை மட்டும் என் நாட்டுப் பக்கம் இருக்கட்டும் என்றானாம் இந்திரன். சரி என்று யானையைத் திருப்பி நிறுத்தினான் முருகன். புகுந்த வீட்டுக்கு வந்த பெண் பிறந்த ஊர்ப் பஸ் போகும் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பாளே, அந்த மாதிரி நிற்கிறது யானை.

அதே மூலவர் மார்பில் இன்னொரு செய்தி. தாரகாசுரன் வீசிய சக்கரத்தைத் தடுக்காமல் மார்பில் ஏற்றுக்கொண்டதால் வந்த தழும்பு அங்கே இருப்பதாகச் சொல்கிறார்கள். இந்திரன் சீரோடு தந்த கல்லில் அரைத்த சந்தனம் அந்த மார்புக்குச் சார்த்தப்படுகிறது. வாங்கிப்போகும் பக்தர்கள் அதை மருந்தாக நினைக்கிறார்கள். வென்றவன் உடம்பில் தோற்றவன் போட்ட காயம் ஆறாத அடையாளமாக இருக்கிறது, அந்தக் காயத்தின்மேல் பூசியது பிரசாதமாகிறது என்பது சாதாரண வெற்றிக் கதை சொல்லுகிற விஷயமல்ல.

வெளியே பார்க்கும் வாகனம் இந்த மாவட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஆவடிக்குப் பக்கத்தில் வட திருமுல்லைவாயில். சுந்தரர் பாடிய மாசிலாமணீசுவரர் கோயில். அங்கே நந்தி ஈசனுக்கு முதுகு காட்டி நிற்கிறது. இங்கே கதை போர்க் கதை. புழல் கோட்டையில் ஓணன், வாணன் என்று இரண்டு குறும்பத் தலைவர்கள் இருந்தார்கள். பைரவரை வழிபட்டு வலிமை பெற்றவர்கள். தொண்டைமான் என்ற அரசன் அவர்களோடு மோதி முடியாமல் திரும்பும் வழியில் அவன் யானையின் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொள்கிறது. கொடியை வாளால் வெட்டுகிறான். அடியில் இருந்த லிங்கத்தில் வெட்டுப்பட்டு ரத்தம் பெருகுகிறது. பதறித் தன் கழுத்தை அறுத்துக்கொள்ளப் போனவனுக்கு ஈசன் காட்சி கொடுத்து நந்தியைத் துணைக்கு அனுப்புகிறார். வெற்றிக்குப் பிறகு குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்து நட்ட எருக்கந்தூண்கள் இரண்டு இன்றும் சந்நிதி முன்னால் நிற்கின்றன. வாள் பட்ட லிங்கத்துக்கு ஆண்டு முழுதும் சந்தனக் காப்பு. சித்திரைச் சதயத்தில் மட்டும் களைவார்கள். நந்தி இன்னும் போருக்குக் கிளம்பிய கோலத்திலேயே இருக்கிறது.

திருத்தணியில் தாரகன் போட்ட காயத்துக்குச் சந்தனம், திருமுல்லைவாயிலில் பக்தன் போட்ட காயத்துக்குச் சந்தனம். சாமியை வெட்டியது அசுரன் மட்டுமல்ல என்று இன்னோர் ஊர் சேர்த்துச் சொல்கிறது.

இந்தக் குறும்பர் யார்? 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆன காலின் மெக்கன்சி, நிலம் அளந்ததோடு நிற்காமல் ஆட்களை அனுப்பி ஊர்க் கதைகளைத் திரட்டினார். அந்தச் சுவடிகளில் தொண்டைமண்டலக் குறும்பர் பற்றிய கதைகள் நிறைய. ஆடு மேய்த்தவர்கள், கோட்டை கட்டி ஆண்டவர்கள், சமணத்தோடு தொடர்பு கொண்டிருந்தவர்கள், புழலைத் தலைமையாக வைத்திருந்தவர்கள், ஆதொண்டைச் சோழனிடம் தோற்றவர்கள் என்று அவை பேசுகின்றன. கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் மேய்ச்சல்காரர்கள் கையிலிருந்த நிலம் ஏர்க்காரர்கள் கைக்குப் போன நீண்ட மாற்றம் ஒன்று அதற்கு அடியில் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் ஓணகாந்தன்தளி என்று பாடல் பெற்ற கோயில் உண்டு. அங்கே ஓணன், காந்தன் இருவரும் சிவனைப் பூசித்த அசுரர்கள். புழலில் குறும்பத் தலைவனுக்கு இருக்கும் பெயர் காஞ்சியில் அசுரனுக்கு இருக்கிறது. மனிதன் எத்தனை தலைமுறையில் அசுரனாவான் என்று கணக்குப் போட இப்படிப்பட்ட தடயங்கள்தான் உதவும்.

இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாடு இந்தக் கணக்கை ஊர் நடுவே கொண்டுவந்து போட்டது. அசுரர் என்றால் வந்தேறிகளிடம் தோற்ற நம் முன்னோர் என்று திராவிட இயக்கம் வாதிட்டது. புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946-ல் வெளிவந்து, 1948-ல் தடைசெய்யப்பட்டு, 1971-ல்தான் தடை நீங்கியது. அண்ணாவின் ‘நீதிதேவன் மயக்கம்’ நாடகத்தில் இராவணன் நீதிமன்றத்தில் நின்று தன் வழக்கை வாதாடினான். ஆரியர், திராவிடர் என்று இனக்கோடு கிழித்ததில் எனக்கு உடன்பாடு குறைவு. தோற்றவன் முகத்தில் கோரைப்பல்லை ஒட்டுவது வென்றவன் வேலை என்று அவர்கள் சொன்னதை மறுக்க மட்டும் வழியில்லை. திருமுல்லைவாயில் தூண்களே சாட்சி. அவர்கள் பார்க்காமல் விட்டது ஒன்று. கோயில்கள் தோற்றவனை மறைத்துவிடவில்லை. அவன் தூணைக் கொண்டுவந்து மூலவருக்கு முன்னாலேயே நட்டிருக்கின்றன. அது வெற்றித் தூண் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். குறும்பர் இல்லாமல் அந்தக் கோயிலின் கதையைச் சொல்ல முடியாது என்பது என்னவோ நிலைத்துவிட்டது.

புழல் என்றால் இன்றைக்குச் சென்னைக்காரர்களுக்கு ஏரியும் சிறைச்சாலையும்தான் நினைவுக்கு வரும். மேய்ச்சல் நில வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தேர்வாய்கண்டிகையில் ஊர் மேய்க்கால் நிலத்தைச் சிப்காட் தொழிற்பேட்டைக்கு எடுத்தபோது, எங்கள் ஆடு மாடும் எங்கள் ஏரிக்கு வரும் தண்ணீரும் இந்தக் காட்டை நம்பித்தான் இருக்கின்றன என்று ஊரார் போராடினார்கள், நீதிமன்றம் போனார்கள். பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். தொழிற்பேட்டை வந்தது, டயர் ஆலை வந்தது. வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று அவர்களுக்கு அப்போது ஒரு பெயரும் வைக்கப்பட்டது. அசுரன் என்ற பழைய பெயரைவிட அது நாகரிகமானது, அவ்வளவுதான்.

திருவாலங்காட்டுக்கு வருவோம். இந்த மாவட்டத்திலேயே பேய்களுக்குப் பேர்போன ஊர். சும்பன், நிசும்பன் அட்டகாசத்தில் தொடங்கும் கதை, ரத்தபீஜனின் ரத்தத்தைக் கீழே சிந்தவிடாமல் குடித்து முடித்த காளியிடம் வந்து நிற்கிறது. அசுரனைக் கொன்றவளுக்கு அவன் ரத்தம் தலைக்கேறி அவளே ஊருக்கு ஆபத்தாகிறாள். முனிவர் முறையிட, சிவன் வருகிறார், ஆட்டப் போட்டி நடக்கிறது. காதிலிருந்து விழுந்த குழையைக் காலால் எடுத்து மாட்டி ஊர்த்துவ தாண்டவம் ஆட, காளி தோற்கிறாள். இந்தப் போட்டியில் ஆணின் தந்திரம் இருக்கிறது என்று பெண்ணியர்கள் எழுதியிருக்கிறார்கள், நியாயமான குறைதான். நான் பார்ப்பது அடுத்து நடப்பதை. இங்கு வருகிறவர்கள் முதலில் உன்னை வணங்கிவிட்டுத்தான் என்னிடம் வரவேண்டும் என்று சிவன் காளிக்கு வரம் தருகிறார். இன்றும் முறை தெரிந்தவர்கள் காளி சந்நிதிக்குப் போய்விட்டுத்தான் வடாரண்யேசுவரரைப் பார்க்கிறார்கள். தோற்றவளுக்கு முதல் மரியாதை.

உள்ளே ஆடுகிறவரின் காலடியில் காரைக்கால் அம்மையார். வணிகர் வீட்டுப் பெண். கணவன் விட்டுப் போன பிறகு, இந்த அழகுச் சதையை உதறிப் பேய் வடிவு தா என்று கேட்டு வாங்கியவர். தன்னைக் காரைக்கால் பேய் என்றே பாடல்களில் சொல்லிக்கொள்கிறார். சுடுகாட்டையும் அங்கே கூத்தாடும் பேய்களையும் அவர் பாடியிருப்பதைப் படித்தால் பயம் வராது. தன் தெருவைப் பற்றிப் பேசும் பெண்ணின் சகஜம்தான் தெரியும். ஆண் கண்ணிலிருந்து தப்பிக்கப் பேய் உருவம் ஒரு பெண்ணுக்குக் காப்பாக இருந்திருக்கிறது. ஆறாம் நூற்றாண்டை ஒட்டிய அந்தக் குரலைத் திருமுறைக்குள் சேர்த்து, தலையால் அவர் நடந்த ஊரில் கால் வைக்கச் சம்பந்தரே தயங்கினார் என்று கதையும் கட்டிய சைவத்தின் தைரியம் பெரிது.

திருவாலங்காட்டு நடராசர் வெண்கலம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் அதன் புகைப்படங்களைப் பார்த்து மெய்மறந்து எழுதினார். அந்தக் கட்டுரை 1921-ல் வெளியானது. அந்த வெண்கலத்தின் முன் நிற்பவர்கள் தூக்கிய திருவடியைப் பார்ப்பார்கள். கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினால் ஊன்றிய காலின்கீழ் முயலகன். அவன் செத்தவனில்லை. அழுத்தப்பட்டுக் கிடக்கிறான், தலையை நிமிர்த்தியிருக்கிறான். அவன் செத்துவிட்டால் அந்தக் காலுக்கு ஊன்ற இடமில்லை. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியிலேயே கொற்றவை எருமைத் தலைமேல் நிற்கிறாள். சோழர் கோயில்களின் வடபுறக் கோட்டத்தில் துர்க்கைக்கு அதுதான் பீடம். மாமல்லபுரத்தின் ஒரு மண்டபத்தில் அம்பும் வாளுமாய் அவள் எருமைத்தலையனோடு பொருதும் காட்சி இருக்கிறது. ஆதிவராகக் குகையில் சண்டை ஓய்ந்து அதே தலைமேல் அமைதியாக நிற்கிறாள். நம் கோயில்கள் தினசரி வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டது இரண்டாவதை.

இந்த இடத்தில் மரபை மெச்சிக்கொண்டே போகாமல் நிறுத்திப் பழையனூரைப் பார்க்க வேண்டும். திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர். 1905-ல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், 31 ஏடுகள், முதலாம் ராஜேந்திரன் இந்தப் பழையனூரைத்தான் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்கின்றன. ஆனால் ஊரின் புகழ் ராஜேந்திரனால் வந்ததில்லை, நீலியால் வந்தது. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, மறுபிறவியில் வணிகனாக வந்த அவனைத் தொடர்கிறாள். கரிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். வேளாளர் எழுபது பேர், அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்பிவைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீ வளர்த்து இறங்குகிறார்கள். சொல் தவறாத வேளாளர் என்று அந்த எழுபது பேருக்கு இலக்கியம் முழுக்கப் புகழ், அதற்குச் சாட்சியாக நின்ற ஈசனுக்குச் சாட்சி பூதேசுவரர் என்று கோயில். கொலையுண்டவளுக்கு என்ன கிடைத்தது? நீலிக்கண்ணீர் என்று ஒரு வசை. சூரனுக்குக் கொடி, கஜமுகாசுரனுக்குப் பிள்ளையாரின் மூஞ்சூறாக ஊரெல்லாம் கொழுக்கட்டை. நீலி அழுததெல்லாம் பொய்யாம். தெற்கே நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலிச் சீமையிலும் இதே நீலி கதை இசக்கியம்மனோடு சேர்ந்துகொண்டது. அங்கே கையில் பிள்ளையோடு தெய்வமாக நிற்கிறாள், கருவுற்ற பெண்கள் அவளிடம் நேர்ந்துகொள்கிறார்கள். பிறந்த ஊர் தராத இடத்தை எழுநூறு கிலோமீட்டர் தள்ளி வேறு மக்கள் தந்தார்கள்.

அச்சத்துக்கு இடம் கொடுத்து அடக்குவது நமக்கு மட்டும் தெரிந்த வித்தையில்லை. கி.மு. 458-ல் ஏதென்ஸில் நடித்துக் காட்டிய ஈஸ்கிலஸின் நாடகத்தில் பழிவாங்கும் பெண்பேய்களுக்கு ஏதீனா நகரத்தின் அடியில் வீடும் வழிபாடும் தருகிறாள். பிள்ளைகளைத் தின்ற ஹாரிதியைப் புத்தர் பிள்ளைகளின் காவல் தெய்வமாக்கினார். திபெத்தில் பத்மசம்பவர் மலைப் பேய்களிடம் சத்தியம் வாங்கி மடங்களுக்குக் காவல் வைத்தார். செயின்ட் ஜார்ஜின் டிராகனுக்குத்தான் ஈட்டியைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுபடி கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். சிப்காட் நிறுவனம் 1971-ல் தொடங்கப்பட்டது. அதற்குப் பின் வளர்ந்த கும்மிடிப்பூண்டி வளாகத்தில் இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி இழுக்கும் ரோலிங் மில்களும் நிறைய. ஆயுத பூஜை அன்று இந்தப் பேட்டைக்குள் நடந்து பார்க்க வேண்டும். ஆண்டு முழுதும் பேசினால் காது கேட்காத ஷெட்டில் அன்றைக்கு ஈ பறக்கும் சத்தம் கேட்கும். பர்னஸின் பேனல் போர்டில் மூன்று விரல் திருநீறு, சந்தனம், குங்குமம். கிரேன் கொக்கியில் செவ்வந்தி மாலை. ஸ்பானர் செட்டைப் பழைய வேட்டிமேல் பரப்பி, பக்கத்தில் பொரியும் கடலையும் சாத்துக்குடியும். கேட்டுக்கு இருபுறமும் வாழைமரம் கட்டி முடித்ததும் செக்யூரிட்டி அண்ணன் பூசணிக்காயைத் தூக்குவார். மேலே துளையிட்டு உள்ளே குங்குமமும் சில்லறைக் காசும் போட்டு, கற்பூரம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி, கேட் முன்னால் போட்டு உடைப்பார். சிவப்பாகச் சிதறும். பலியை விட்டுவிட்ட மரபு பலியின் நிறத்தை விடவில்லை. மறுநாள் பைக்கில் வருகிறவர்கள் அதில் வழுக்கி விழுவதும் ஆண்டுதோறும் நடப்பதுதான். எருமைத்தலையனை வென்ற ஒன்பது நாள் திருவிழாவின் கடைசியில் நாம் கும்பிடுவது கையையும் காலையும் பறிக்கக்கூடிய யந்திரங்களை என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இதற்குச் சில வாரம் முன்பே, செப்டம்பர் 17 அன்று, அதே ஷெட்டுகளில் இன்னொரு பூஜை நடந்திருக்கும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்து வேலை பார்ப்பவர்களின் விஸ்வகர்மா பூஜை. கிழக்கிந்திய வழக்கப்படி விஸ்வகர்மாவுக்கு வாகனம் யானை. நம் ஊர்ச் சூப்பர்வைசர்களில் சிலர், என்ன இது, பிள்ளையார் பக்கத்தில் யாரையோ உட்கார வைத்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள். யானையின் மேல் வேறொருவர் இருப்பதைப் பார்க்கச் சிறிது நேரம் பிடிக்கும். இந்த மண்ணுக்குப் பிணிமுகம் புதிதில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன் தமிழ்ப் புலவன் பாடிய ஏற்பாடுதான், இப்போது வேறு மொழியில், வேறு கடவுளோடு, மைக்செட் அலற வந்திருக்கிறது.

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து போனால் சிறுவாபுரி. சின்னம்பேடு என்றும் சொல்வார்கள். அருணகிரிநாதர் பாடிய முருகன். சந்நிதிக்கு எதிரே மரகத மயில். சொந்த வீடு வேண்டும் என்று கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கையால் செவ்வாய்க்கிழமைகளில் நிற்க இடமிருக்காது. வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் வாடகை வீட்டுக்காரர்கள், மீதி வங்கிக் கடன் கட்டுபவர்கள் என்று ஒரு கேலி உண்டு. அந்த நெடுஞ்சாலையின் இருபுறமும் எழும்பும் வீடுகளில் ஒன்றுகூட நாக்கைத் தொங்கவிட்ட பூத முகம் கட்டாமல் இருக்காது. கண் திருஷ்டி பொம்மை. சூரனை மயிலாக்கியவனிடம் வீடு கேட்டு வாங்கி, அந்த வீட்டுக்குக் காவலாகச் சூரன் மாதிரி ஒரு முகத்தைத் தொங்கவிடுகிறோம். கோயில் வாசல் மேலே இருக்கும் கீர்த்திமுகமும் இப்படித்தான். சிவன் படைத்த பூதம் பசி தாளாமல் அவர் சொன்னபடி தன் உடம்பையே தின்று முகம் மட்டும் மிஞ்ச, அந்த முகத்தை வாசலில் வைத்தார் என்பது புராணம். பயமுறுத்துகிறவனையே வாசலில் நிறுத்துவது அனுபவத்தில் வந்த அறிவு.

ஆனால் இந்த அறிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு, அதை நாம் வசதியாக மறந்திருக்கிறோம். புராணத்தில் வாகனமான பிறகு அசுரன் கண்ணில் படும் தூரத்தில் இருப்பான், கூப்பிட்டால் வருவான், அவனுக்கும் ஒரு கை அன்னம், ஒரு தீபம் உண்டு. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1994-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. பிறகு வல்லூர் வந்தது. நிலக்கரியை எரித்து ஆற்றலை முதுகு கொடுக்க வைத்தோம், சரி. எரிந்து மிஞ்சிய சாம்பலை என்ன செய்தோம்? குழாய் உடைந்து கொசஸ்தலையாற்றில் இறங்கியது, எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. இறாலும் நண்டும் பிடித்த மீனவர்கள் சாம்பல் சேற்றில் கால் புதைய நிற்கும் படங்கள் ஆண்டுக்கணக்காக வந்துகொண்டிருக்கின்றன. அந்த ஆறு பூண்டியைக் கடந்து வரும் ஆறு. அதன் கரைப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த கற்கருவிகளின் தொடர்ச்சியாக நடந்த அகழாய்வு, 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கைக்கோடரி செய்தார்கள் என்று காட்டியது. இவ்வளவு நீண்ட தொழில் வரலாறு உள்ள ஆற்றின் கழிமுகத்தை முப்பது ஆண்டில் சாம்பலாக்கிவிட்டு, கேட்டில் பூசணிக்காய் உடைத்தால் எந்தத் திருஷ்டியும் போகாது.

வாகனத்துக்கும் கீழே சுமப்பவர்கள் உண்டு. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் தை பிரம்மோற்சவத்தில் கருடன், சேஷன், சிம்மம், அனுமன், யானை, குதிரை என்று வீதி வருவார். சிவன் கோயில்களில் பூத வாகனம், சில ஊர்களில் கயிலையைத் தூக்கிய இராவணன் வாகனம். மரத்தில் செய்து சாயமும் பொன்முலாமும் பூசிய இவற்றைத் தோளில் ஏற்றுபவர்கள் சீர்பாதந்தாங்கிகள். பரம்பரையாகச் சுமந்தவர்களின் தோளில் தண்டு அழுந்தும் இடம் காய்த்துத் தடித்திருக்கும். பூதமும் இராவணனும் சாமியைத் தூக்குவதாகத்தான் தெருவில் நிற்பவர்கள் பார்ப்பார்கள்; பூதத்தையும் இராவணனையும் தூக்குகிறவர்கள் முகம் தண்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும். அவர்கள் பெயர் அழைப்பிதழில் வராது, உபயதாரர் பெயர் வரும். இப்போது பல ஊர்களில் தோள் கொடுக்க ஆள் இல்லாமல் வாகனத்துக்கு டயர் பூட்டிய வண்டி வந்துவிட்டது. சுமந்தவர்களின் பிள்ளைகள் விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். இரவு வாகனப் புறப்பாடு என்றால், இந்த வாரம் யார் யாருக்கு செகண்ட் ஷிப்ட் என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் ஆள் சேர்க்க வேண்டியிருக்கிறது.